சுமைகூலி முக்கால் பணம்: சமையலறை யந்திரங்களை எங்கே வாங்குவது?

பெண்ணுக்கு வரன் தேடும் விஷயத்தில்கூட ஒரே மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடும் குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. ஆனால் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்க வேண்டும் என்ற பிரஸ்தாபம் எழுந்துவிட்டால் போதும், அதே குடும்பத்தில் கட்சிகள் பிரிந்துவிடுகின்றன. தகப்பனார் தியாகராயநகர்க் கட்சி. தாயார் தெருமுனைக் கடைக் கட்சி. கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ கையிலிருக்கும் டெலிபோனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "எதற்காக அலைகிறீர்கள், அப்பா? இப்போது பொத்தானை அமுக்கினால் நாளைக்கு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான்" என்கிறான். மூன்று கட்சிகளுக்கும் தத்தம் நியாயம் இருப்பதனால்தான் விவாதம் லேசில் முடிவதில்லை.

காட்டாங்குளத்தூர்வாசிகளுக்கு இந்தச் சங்கடம் மற்றவர்களைக் காட்டிலும் சற்று அதிகம். தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் ஏறக்குறைய நடுமத்தியில் ரயில் பாதையை ஒட்டி அமைந்தது இவ்வூர். பக்கத்துப் பொத்தேரியிலும் இங்கும் எஸ். ஆர். எம். பல்கலைக்கழகத்து மாணவர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அடுத்த ஸ்டேஷனான மறைமலைநகரில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சாலை நெடுக அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. வடக்கே ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, தாம்பரம், குரோம்பேட்டை, அதற்கப்பால் மாம்பலம். தெற்கே இறங்கினால் சிங்கப்பெருமாள் கோயில், செங்கற்பட்டு. எந்தத் திசையில் போனாலும் கடை உண்டு. திசை அதிகமானால் குழப்பமும் அதிகந்தானே?

இப்படிப்பட்ட சமயத்தில் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கே விலை மலிவு?" என்பது. நமது அபிப்பிராயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: "இது ஒரு நாள் நின்றுபோனால், இதைத் திறந்து பார்க்கப்போகிறவர் யார்? அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?" இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எந்தக் கடை என்பது பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

ஆட்டுக்கல் போன பிறகு

இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இட்டிலிக்கும் தோசைக்கும் மாவரைக்கும் வேலை எத்தனையோ தலைமுறைகளாகப் பெண்களின் தோள்பட்டையை முறித்து வந்தது. 1955-ஆம் வருஷத்தில் கோயமுத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் சுழலும் மாவரைக்கும் யந்திரத்தை அறிமுகப்படுத்தினார். இன்று "கோயமுத்தூர் வெட் கிரைண்டர்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பே கிடைத்திருக்கிறது. பிரஷர் குக்கர் 1959-ஆம் வருஷத்தை ஒட்டி இந்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது.

மிக்ஸியின் கதை இன்னும் ரசமானது. சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயரின் மனைவி மாதுரி ஒரு ஜெர்மன் யந்திரத்தை வைத்துக்கொண்டிருந்தார். பழமும் பாலும் கலக்குவதற்கென்று செய்த அந்த யந்திரம் நம் நாட்டு மசாலா அரைப்பைத் தாங்காமல் ஒரு நாள் நின்றுவிட்டது. அதைச் சீர்செய்ய இந்தியாவில் வழியில்லை. "நம் ஊர் அரைப்புக்குத் தாங்கும்படியாக நீங்களே ஒன்று செய்தால் என்ன?" என்ற மனைவியின் யோசனையிலிருந்து 1963-இல் "சுமீத்" மிக்ஸி பிறந்தது என்பார்கள். ஆக, பழுது பார்க்க ஆள் இல்லாத குறையே நம் நாட்டு மிக்ஸியைப் பெற்றெடுத்தது என்று சொன்னால் தவறில்லை.

பிறகு இந்த யந்திரங்கள் பணக்காரர் வீட்டை விட்டு இறங்கி எல்லோர் வீட்டுக்கும் வந்தன. 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அன்றோடு இவை ஆடம்பரச் சாமான்கள் என்ற பேச்சும் ஒழிந்தது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரும்பாலான வீடுகளில் இப்போது இல்லை. இருந்தாலும் மூன்றாவது மாடியில் வைத்து இடிக்கவும் அரைக்கவும் கீழ்வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். ஆகையால், மிக்ஸி நின்றுபோனால் பழைய வழிக்குத் திரும்ப இடமில்லை. காலை ஏழு மணிக்குள் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுத் தானும் எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருத்தியின் நாள் முழுவதும் அந்த யந்திரத்தோடு சேர்ந்து நின்றுபோகிறது. விலையில் மிச்சம் பிடித்த 200 ரூபாயை அவள் அப்போது எங்கே தேடுவாள்?

தியாகராயநகர்ப் பிரயாணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியோர்கள் சொல்லிவைத்தார்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து கிரைண்டர் வாங்கத் தியாகராயநகர் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதைச் சொன்னார்களோ என்று நமக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய அந்த நகரின் வியாபாரச் சிறப்பை யாரும் மறுக்க முடியாது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் தென்புறத்துக் கிராமங்களின் பார்வை மாம்பலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. இன்றைக்கும் ரங்கநாதன் தெருவில் ஒரே கூரையின் கீழ்ப் பார்க்கக் கிடைக்கும் பாத்திர வகைகளை வேறெங்கும் காண்பது அரிது. கலியாணத்துக்குச் சீர் சாமான் வாங்குகிறவர்கள், புதுக்குடித்தனத்துக்கு ஒரு சமையலறையையே நிரப்ப வேண்டியவர்கள் ஆகியோர் அங்கே போவதில் அர்த்தமுண்டு. இருபது சாமான்களில் தலைக்கு ஐம்பது ரூபாய் குறைந்தாலும் ஆயிரம் ரூபாய் மிச்சம்.

ஆனால் ஒரே ஒரு கிரைண்டருக்காகப் போகிறவர் நிலைமை என்ன? போகும்போது ரயில் கட்டணம் சொற்பந்தான். திரும்பும்போது, கருங்கல் வைத்த அந்த யந்திரம் பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கிறது. மாலை நேரத்து ரயில் கூட்டத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவது மனித சாத்தியமல்ல. வாடகைக் கார் பிடித்தால் விலையில் குறைந்தது வாடகையில் போய்விடுகிறது. இரண்டு பேர் போனால் வெயிலுக்கு இரண்டு இளநீர், பசிக்கு இரண்டு டிபன். இவ்வளவும் ஒரு தடவைப் பிரயாணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. ஆறாவது மாதத்தில் கல் சுற்ற மறுத்தால், அதே கனத்தை மறுபடியும் தூக்க வேண்டும் அல்லவா?

தாம்பரமும் குரோம்பேட்டையும்

இந்தச் சிரமத்தைக் கண்டுதான் பெரிய கடைக்காரர்கள் நம்மைத் தேடித் தெற்கே வந்துவிட்டார்கள் போலும். மயிலாப்பூரில் 1965-இல் தொடங்கிய விவேக்ஸ், 1978-இல் தொடங்கிய வசந்த் அண்டு கோ முதலியவை வீட்டு உபயோகச் சாமான்களை மத்தியதரக் குடும்பங்களுக்குப் பழக்கப்படுத்தின. இப்போது ஜி. எஸ். டி. சாலை நெடுகப் பற்பல பெயர்களில் மாடமாளிகை போன்ற கடைகள் நிற்கின்றன. மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலையில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அப்படியே ஒரு குக்கரையும் பார்த்துவிட்டு வரலாம்.

இக்கடைகளில் ஒரு பெரிய நன்மை உண்டு. பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், ஓட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேட்கலாம், ஜாடியின் மூடி சரியாக உட்காருகிறதா என்று பரீட்சிக்கலாம். அதே சமயத்தில் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதை வேண்டும்.

முதலாவது, நம்மிடம் வந்து ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மிக்ஸியை வானளாவப் புகழும் இளைஞர் பல சமயங்களில் கடையின் ஊழியராக இருப்பதில்லை. அந்தக் கம்பெனி அனுப்பிவைத்தவராக இருக்கிறார். அவர் கடமையை அவர் செய்கிறார். நாம் பக்கத்து அலமாரியையும் பார்த்துவிட்டு வருவது நம் கடமை.

இரண்டாவது, "வட்டியில்லாத் தவணை" என்ற வசீகரமான பலகை. வட்டி இல்லாமல் கடன் கொடுக்கும் தர்மப் பிரபு உலகத்தில் எங்கே இருக்கிறார்? கிரெடிட் கார்டுத் தவணைகளில் பூஜ்ய வட்டி என்று சொல்லிக்கொண்டு, அந்த வட்டியை வேறு கட்டணமாக மறைத்து வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்திலேயே கண்டித்து உத்தரவு போட்டது. ஆகையால், தவணைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால், "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசந்தான் வட்டி. ஆடித் தள்ளுபடிக்கும் இதுவே விதி. பெட்டியில் அச்சடித்த உச்ச விலையிலிருந்து எத்தனை சதவிகிதம் குறைத்தார்கள் என்பது கணக்கல்ல. ஆனி மாதத்தில் அதே சாமான் என்ன விலைக்கு விற்றது என்பதே கணக்கு.

வாசலுக்கு வரும் கடை

பிள்ளையின் கட்சியை நாம் அலட்சியம் செய்யவில்லை. கைக்குழந்தைக்காரிக்கும், மாடிப்படி இறங்க முடியாத முதியவர்களுக்கும், புதிதாக ஊருக்கு வந்து இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே சொத்தாக அறையெடுத்திருக்கும் மாணவருக்கும் டெலிபோன் வழியாக வாங்குவது பெரிய சௌகரியம். விலையை நாலு இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கே சுலபம்.

ஆனால் அங்கே கடைக்காரர் யார் என்பதே நமக்குத் தெரிவதில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வாங்குகிறோம். சரக்கை விற்பவரோ எங்கோ ஓர் ஊரில் இருக்கும் யாரோ ஒருவர். பிரஷர் குக்கருக்கு ஐ. எஸ். ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் பிறகும் முத்திரைக்குரிய தரமில்லாத குக்கர்கள் விற்கப்பட்டன. தன் தளத்தின் வழியாக அத்தகைய 2,265 குக்கர்கள் விற்பதற்கு இடம் கொடுத்ததற்காக அமேசான் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டு மாதத்தில் ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படியும் சொல்லிற்று. நிறுவனம் அந்த உத்தரவை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

குக்கர் என்பது ஆவியை அடைத்துவைக்கும் பாத்திரம். அதில் பொருத்தியுள்ள காப்பு வால்வு, சூடு அளவு மீறினால் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். அது உருகாவிட்டால் அபாயம் அடுப்பங்கரையில் நிற்பவருக்குத்தான். ஆகையால் எங்கே வாங்கினாலும் முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே தரத்தின் எண்ணும், கீழே சி. எம். / எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண் மெய்யானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் "பி. ஐ. எஸ். கேர்" என்ற டெலிபோன் செயலியில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டெலிபோனில் வாங்கப் பழகிய பிள்ளைகள் இதையும் பழகிக்கொண்டால் வீட்டுக்கு உபகாரமாயிருக்கும்.

பழுது பார்ப்பவரிடம் முதலில் போங்கள்

இனி நமது யோசனையைச் சொல்கிறோம். எந்தக் கடைக்கும் போவதற்கு முன்னால், உங்கள் ஊரில் மிக்ஸி பழுது பார்க்கும் சிறு கடைக்குப் போங்கள். கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ ஆறடிக்கு எட்டடி அறையில், சுற்றிலும் திறந்துபோட்ட யந்திரங்களின் நடுவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். "தம்பி, உங்களிடம் எந்த மிக்ஸிக்குச் சாமான் உடனே கிடைக்கும்? எது அடிக்கடி திரும்பி வருகிறது?" என்று கேளுங்கள். "இதற்கு எல்லாம் இருக்கிறது, அம்மா. அதற்கு எழுதிப்போட்டால் பத்து நாள் ஆகும்" என்று அவர் சொல்லும் விடைக்கு, பத்திரிகைகளில் வரும் முழுப்பக்க விளம்பரம் ஒன்றும் ஈடாகாது. அவர் விற்பவர் அல்ல. அவருக்கு எந்தக் கம்பெனியும் உறவும் அல்ல, பகையும் அல்ல.

மிக்ஸியில் தேய்ந்துபோவது பெரும்பாலும் சில்லறைச் சாமான்கள்தான். ஜாடியைச் சுழற்றும் கப்ளர், மூடியிலுள்ள ரப்பர் வளையம், மோட்டாரினுள்ளே இருக்கும் கார்பன் பிரஷ், கிரைண்டரானால் பெல்ட்டு. இவை அருகில் கிடைத்தால் அரை மணி வேலை. கிடைக்காவிட்டால் நல்ல மோட்டாருள்ள யந்திரமும் பரண்மேல் ஏறிவிடும். சில சமயம் பழுதே இராது. சுமை அதிகமாகி, அடிப்புறத்திலுள்ள சிவப்புப் பொத்தான் விழுந்திருக்கும். யந்திரத்தைச் சற்று ஆறவைத்து, அதை அமுக்கினால் மறுபடி ஓடும். நல்ல பழுதுகாரர் இதைச் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்காமல் அனுப்பிவிடுவார். அத்தகையவரைக் கண்டுபிடித்தால் விட்டுவிடாதீர்கள்!

இந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போகலாம். எந்தக் கடையானாலும் நாலு கேள்விகள் கேட்க வேண்டும். காரண்டி மோட்டாருக்கு மட்டுமா, முழு யந்திரத்துக்குமா? "ஐந்து வருஷம்" என்ற பெரிய எழுத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? பழுதானால் கம்பெனி ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? போக வேண்டுமானால் எந்த ஊருக்கு? இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிறவர்கள் இவற்றோடு ஒரு சிறு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. காந்தம் ஒட்டாத செம்பும் பித்தளையும் அலுமினியமும் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறா. அடுப்பு மலிவாக வந்து, பாத்திரமெல்லாம் புதிதாக வாங்க நேர்ந்தால், மறுபடியும் சுண்டைக்காய்க் கதைதான்.

உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் சொல்லவில்லை. "பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறேன்" என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. பில் இல்லாத சாமானுக்குக் காரண்டியும் இல்லை, வழக்கும் இல்லை. ஆனாலும், தினம் நம் முகத்தில் விழிக்க வேண்டிய கடைக்காரருக்கு, ஒரே ஒரு தடவை நம்மைப் பார்க்கும் கடைக்காரருக்கு இல்லாத ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கூச்சத்துக்கு 100 ரூபாய் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எது சுதேசிச் சாமான்?

வாசகர்களில் சிலர் நம் நாட்டுச் சாமானையே வாங்க வேண்டும் என்ற விரதம் உடையவர்களாக இருக்கலாம். வரவேற்கத்தக்க விரதந்தான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத காலம் இது. சென்னையில் பிறந்து வீட்டுக்கு வீடு புகழ்பெற்ற பிரீத்தியை 2011-இல் பிலிப்ஸ் என்ற அந்நிய நிறுவனம் வாங்கிற்று. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்திலிருந்து நடந்துவரும் பட்டர்பிளை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் 2022-இல் கிராம்ப்டன் கம்பெனியின் கைக்குப் போயின. பங்குகள் கைமாறலாம். வேலை எங்கே நடக்கிறது, கூலி யாருக்குப் போகிறது என்பதே நமக்கு முக்கியம். பெட்டியின்மேல் தயாரித்த இடமும், வெளிநாட்டுச் சரக்கானால் எந்த நாட்டுச் சரக்கு என்பதும் அச்சிட்டிருக்கும். மின்வழிக் கடைகளும் அதைக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன.

நம்மைக் கேட்டால், பத்து வருஷம் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டும் மிக்ஸியே சிறந்த சுதேசி மிக்ஸி என்போம். அதில் ஒரு புதிய யந்திரத்தின் விலை மிச்சமாகிறது, உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் வீட்டில் அடுப்பு எரிகிறது. சர்க்காரும் இந்த உண்மையை உணர்ந்து, பழுது பார்க்கும் வசதி பற்றிய விவரங்களைக் கம்பெனிகளிடமிருந்து திரட்டித் தருவதற்காக 2022 டிசம்பரில் ஒரு தனி இணையதளம் தொடங்கியது.

வழி கேட்டால் வழி உண்டு

எல்லாம் பார்த்து வாங்கியும் ஏமாற்றம் நேர்ந்தால் என்ன செய்வது? 1986-இலேயே நுகர்வோருக்கென்று சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை 20-ஆம் தேதி முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காட்டாங்குளத்தூர்வாசிகளுக்குச் செங்கற்பட்டு ஆணையம். பொருளின் விலை 5 லட்ச ரூபாய் வரையில் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், பல சச்சரவுகள் வழக்கில்லாமலே தீர்ந்துவிடுவதும் உண்டு. இவை யாவற்றுக்கும் ஆதாரம் அந்தச் சின்னத் துண்டுக் காகிதம், பில். மளிகைக் கணக்கு நோட்டில் அதை ஒட்டிவைக்கும் குடும்பத்தலைவியை நாம் மனமார வணங்குகிறோம்.

ஆகவே கட்சிப் பிரதிவாதங்களை நிறுத்திவிடலாம். கலியாணச் சீருக்குத் தகப்பனாரின் தியாகராயநகர், நடமாட முடியாதவர்களுக்குப் பிள்ளையின் டெலிபோன், நாலு வகை பார்த்து ஓட்டிப் பார்க்கத் தாம்பரம், குரோம்பேட்டை. ஆனால் தினந்தோறும் அரைக்க வேண்டிய மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் நமது ஓட்டு, பழுது பார்ப்பவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தாயாரின் தெருமுனைக் கடைக்கே.